நாற்பது நிமிடப் பச்சை

கேள்வியின் இரண்டாவது வரியைச் சபாபதி படித்து முடிப்பதற்குள் திரையின் மூலையில் விளக்கு சிவந்துவிட்டது.

“உங்களுக்கு இது முன்னாடியே தெரியும் போல சார்,” என்றாள் திரையில் இருந்த பெண். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. சில்லறை இல்லை என்று சொல்லும் கண்டக்டரின் குரல்.

“தெரியுமுங்க. தெரியாம எப்படி இருக்கும்? இருபத்திரண்டு வருஷம் இதே வேலைதான பாத்திருக்கேன்?”

“ரூல் அப்படி சார். வந்ததுக்கு நன்றி.”

திரை அணைந்தது. மொத்தமே ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்துக்காக அவர் ஐந்தரை மணிக்கே எழுந்து, முகம் மழித்து, கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். நெற்றியைச் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இரண்டு விரல் அகலம், ரப்பர் மாதிரி வளையும், நடுவில் மிளகளவுக்கு ஒரு விளக்கு. கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் சிவப்பாகவே முறைத்துக்கொண்டிருந்தது.

“ஏனுங், ஆரம்பிச்சுட்டாங்களா?” என்று சமையலறையிலிருந்து கேட்டாள் வசந்தாமணி.

“முடிஞ்சே போச்சு.”

“அதுக்குள்ளயா? நான் இன்னும் தாளிக்கவே இல்லையே.”

“செவப்பு.”

அவள் கரண்டியோடு வந்து நின்றாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. எதையும் ஒரே குத்தில் முடித்துப் பழகியவள்.

“நாலாவதுங்க.”

“எண்ணத் தெரியும் எனக்கு.”

“நேத்து தேங்கா வாங்கிட்டு வாங்கன்னு மூணு தடவை சொன்னேன். அதை எவ்வளவு சுத்தமா மறந்தீங்க. அதே மாதிரி இந்தக் கணக்கையும் மறந்து தொலைக்கறதுதானே?”

கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை தேடுகிற எல்லாருடைய தொல்லையையும் அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

ஒரு காலத்தில் இது நேர்மாறாக இருந்தது. வேலை வேண்டுமென்றால் கணக்குகளைப் பழக வேண்டும். வரிசைகளை அடுக்குவது, கிளைபிரியும் மரங்களில் தேடுவது, சங்கிலிகளைத் திருப்புவது என்று நூறு, இருநூறு, ஐந்நூறு. கேட்பவர்கள் அதே பழைய கணக்குக்குப் புதுச் சட்டை மாட்டி அனுப்புவார்கள்; மாம்பழக் கூடை என்பார்கள், ரயில் பெட்டி என்பார்கள். சட்டையைக் கழற்றி உள்ளே இருக்கும் பழைய கணக்கை அடையாளம் கண்டுகொள்வதுதான் சாமர்த்தியம். சபாபதி நான்கு தடித்த நோட்டுகளில் ஆயிரத்து எண்ணூற்று அறுபது கணக்குகளைக் கண்டுகொண்டு வைத்திருந்தார்.

பிறகு கம்பெனிகளுக்கு அலுத்துப்போயிற்று. எல்லாரும் மனப்பாடம் செய்து வந்து ஒப்பிக்கிறார்கள், வேலையில் சேர்ந்த மறுநாள் புதிதாக ஒன்று வந்தால் கையைப் பிசைகிறார்கள் என்றார்கள். எனவே பட்டை வந்தது. கணக்கைப் பார்த்ததும் நினைவிலிருந்து எடுத்தால் சிவப்பு. யோசித்துக் கட்டினால் பச்சை. சிவப்பு என்றால் அங்கேயே முடிந்தது. ஒரே ஆண்டில் ஐந்து சிவப்பு வாங்கியவர் எல்லாக் கம்பெனிகளும் பார்க்கும் பட்டியலில் ஏறிவிடுவார். மூன்று ஆண்டுகளுக்கு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ஆட்குறைப்பில் வேலை போன சபாபதிக்கு வயது நாற்பத்தேழு. ஐம்பதில் யார் கூப்பிடப்போகிறார்கள்? அவரைப் பொறுத்தவரை ஐந்தாவது சிவப்பு கடைசிச் சிவப்பு.

அவர் முயலாமல் இல்லை. முன்பு கணக்குப் பழக்கிய அதே பயிற்சி மையம் இப்போது பலகையை மாற்றி மறதிப் பயிற்சி கொடுத்தது. கண்ணை மங்கலாக்கிக்கொண்டு படிக்கச் சொன்னார்கள். பதினேழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்லிக்கொண்டே படிக்கச் சொன்னார்கள். விளக்கு மஞ்சளாகி ‘கவனச் சிதறல்’ என்றது. கேள்வியைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள் என்றார் ஒரு நிபுணர். படித்தார். கீழிருந்தே சிவந்தது.

பதினோரு மணிக்குச் சரவணம்பட்டி பேக்கரிக்குப் போனார். அங்கே மூலை மேசையில் ஹசீனா உட்கார்ந்திருந்தாள். பட்டை செய்யும் கம்பெனியிலேயே ஆறு வருடம் வேலை பார்த்தவள். இரட்டைக் குழந்தைகள் பிறந்ததும் நின்றவள், இப்போது மறுபடி வேலை தேடுகிறாள். பயிற்சி மையத்தில் பழக்கமாகி, வாரம் மூன்று நாள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. யாரோ விற்றுவிட்டுப் போன பழைய பட்டை ஒன்று அவளிடம் இருந்தது.

“மூஞ்சியே சொல்லுதுங்க சார்,” என்றாள். “டீ சொல்லட்டுமா?”

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க ஹசீனா. தெரியாதவனுக்கு வேலை, தெரிஞ்சவனுக்கு வேலை இல்லைன்னு உலகத்துல வேற எங்காச்சும் உண்டா? எங்க வீட்டம்மா ஒருத்தருக்கு ரத்தம் எடுக்கப் போறா. நரம்பு எங்க இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியும், வெளிய போன்னு சொல்லுவாங்களா?”

“சொல்ல மாட்டாங்க.”

“அப்புறம்?”

“பட்டை அந்தக் கேள்வியே கேக்கறதில்லைங்க சார்.” அவள் பட்டையைத் துடைத்து அவர் நெற்றியில் மாட்டினாள். “கூட்டத்துல உங்க பையன் வந்தா சட்டுனு தெரியுதில்ல? அப்ப மூளைக்குள்ள ஒரு துள்ளல் வரும். பார்த்து மூணுல ஒரு பங்கு நொடிக்குள்ள. கண்ணு சிமிட்டற மாதிரி, அது நம்ம கையில இல்லை. அந்தத் துள்ளல் செவப்பு. துள்ளாம, கரண்ட் போன வீட்டுல சுவிட்ச் தேடற மாதிரி உள்ளுக்குள்ள தடவிக்கிட்டே இருந்தீங்கன்னா பச்சை. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.”

“வீடு என்னோடது. சுவிட்ச் எங்கன்னு தெரியும். நான் என்ன பண்ண?”

ஹசீனா போனில் ஒரு கணக்கைக் காட்டினாள். சிவப்பு. இன்னொன்று. சிவப்பு. மூன்றாவது கணக்கை அவளே எழுதியிருந்தாள். தறி, நூல், பாவு என்று ஏதேதோ இருந்தது. சபாபதி உதட்டைக் கடித்துக்கொண்டு பாதி வரை படித்தார்.

“கணக்கோட சட்டையைக் கழட்டிட்டீங்க,” என்றாள் அவர் நெற்றியைப் பார்த்தபடி.

“தானாக் கழண்டுக்குது,” என்று எரிந்து விழுந்தார். “விடுங்க. டீயாவது குடிப்போம்.”

டீ வந்தது. ஹசீனா பப்ஸைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். “நீங்க இன்டர்வியூ எடுத்த காலத்துல என்ன கேப்பீங்க சார்? உங்க கம்பெனிக்கு நாங்க வந்திருக்கோம், தெரியுமா? ஒரு ஜூலை சனிக்கிழமை, பட்டைக்கு அலை பதிவு எடுக்க. கேள்வி கேக்கறவங்களுக்கும் மாட்டினோம், பதில் சொல்றவங்களுக்கும் மாட்டினோம்.”

“பிரியாணி கூப்பன் குடுத்தது நீங்கதானா?” சபாபதிக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. “எனக்கு ஒரே கேள்விதான். பன்னிரண்டு வருஷமும் அதேதான்.”

அது அந்தத் தொழிலின் வழக்கம். கேள்வி கேட்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு செல்லக் கேள்வி இருக்கும். மேசை டிராயரில் லேமினேட் செய்த விடைத்தாள் இருக்கும். வருகிறவர் சொல்வது தாளோடு பொருந்தினால் சரி. சபாபதி நானூற்றுப் பன்னிரண்டு பேரை அந்த ஒரு தாளை வைத்தே அளந்திருந்தார்.

“ஒரு சங்கத் தேர்தல்,” என்று தொடங்கினார். “ஓட்டுச் சீட்டை ஒவ்வொண்ணா வாசிக்கறாங்க. ஒருத்தருக்குப் பாதிக்கு மேல விழுந்திருக்கு, அது நிச்சயம். ஆனா நீங்க எழுதிக்கறதுக்கு ஒரே ஒரு பேருக்கும் ஒரே ஒரு எண்ணுக்கும்தான் இடம். சீட்டை ரெண்டாவது தடவை வாசிக்க மாட்டாங்க. ஜெயிச்சது யாரு?”

“சொல்லுங்க.”

“முதல் பேரை எழுதி ஒண்ணு போடு. அதே பேரு வந்தா ஒண்ணு கூட்டு. வேற பேரு வந்தா ஒண்ணு குறை. சைபர் ஆயிடுச்சுன்னா அடுத்து வர்ற பேரை எழுதிக்கோ. கடைசியில எது நிக்குதோ அதுதான். ஆறே வரி.” விளக்கு கொள்ளிபோல எரிந்தது. “அன்னிக்கு ஒரு பொண்ணு வந்தா. அதே சனிக்கிழமைதான், பட்டை மாட்டிக்கிட்டு. கையில மஞ்ச ஃபைல். அவளே எப்படியோ தட்டுத்தடுமாறி இந்தக் கூட்டிக் கழிக்கற இடம் வரைக்கும் வந்துட்டா. வந்தவ எழுத வேண்டியதுதானே? ‘இது ஏன் சார் சரியா வரணும், நடுவுல சைபர் ஆகிப் பேரு மாறுதே, ஜெயிச்சவர் பேரு தொலைஞ்சு போயிடாதா’ன்னு என்னைக் கேக்கறா. நாப்பது நிமிஷமும் ஏன், ஏன், ஏன். ஒரு வரி எழுதலை. வாக்குவாதப் போக்குன்னு டிக் பண்ணி அனுப்பி வெச்சேன்.”

“பாவம். பேரென்ன?”

“யாருக்கு ஞாபகம் இருக்கு.”

“சரி, ஏன் சார்?”

“என்ன ஏன்?”

“ஏன் சரியா வருது? பேரு தொலைஞ்சு போயிடாதா?”

“அது… அப்படித்தான். கூட்டிக் கழிச்சா…” சபாபதி நிறுத்தினார். கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். விடைத்தாளின் ஆறு வரியும் கண்முன் நின்றன. கீழே இருந்த வெற்றிடமும் நின்றது.

ஹசீனா மெல்லுவதை நிறுத்திவிட்டாள். “சார், அசையாதீங்க.”

“என்ன?”

“பச்சை.”

அவர் பட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். “மெஷின் கெட்டுப்போச்சு,” என்றார்.

மெஷின் கெடவில்லை. அந்தக் கேள்வி மூன்று நாள் அவரைப் பிடித்து ஆட்டியது. நானூற்றுப் பன்னிரண்டு முறை கேட்ட கேள்வி; ஒரு முறைகூடத் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளாத கேள்வி. மூன்றாம் நாள், கொண்டைக்கடலையும் பட்டாணியும் கொட்டிக் கலந்துவிட்டதென்று வசந்தாமணி ஒரு முறத்தை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு கடலை, ஒரு பட்டாணி என்று சோடி சோடியாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று முறத்தோடு எழுந்து சமையலறைக்கு ஓடினார்.

“வசந்தா, இங்க பாரு. ஒவ்வொரு தடவையும் வேற வேற ரெண்டை எடுத்து வெளிய போடறேன். எண்ணைக் குறைக்கறதுன்னா அதுதான். கடலைதான் பாதிக்கு மேலன்னு வெச்சுக்கோ. ஒரு கடலை போனா, கூடவே கடலை இல்லாத ஒண்ணும் போயே ஆகணும். கடலை தீரணும்னா அதுக்குச் சமமா மத்ததும் இருக்கணுமில்ல? இல்லையே. மத்ததெல்லாம் முதல்ல தீந்துரும். பேரு நடுவுல தொலைஞ்சாலும் திரும்பி வந்தே தீரும்!”

அவள் முறத்தைப் பார்த்தாள். “இதைக் கண்டுபுடிக்க மூணு நாளா?”

“பன்னிரண்டு வருஷம்,” என்றார்.

பிறகு நோட்டுகளைப் புரட்டினார். ஆயிரத்து எண்ணூற்று அறுபதில் பெரும்பாலானவற்றுக்கு ‘எப்படி’ தெரிந்தது, ‘ஏன்’ தெரியவில்லை. ஆக, வழி இருந்தது. விடை ஞாபகத்துக்கு வரும் முன் ‘ஏன்’ என்று திரும்பிக்கொள்ள வேண்டும். ஹசீனாவோடு பழகினார். முதல் துள்ளலைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அடுத்த நொடியே விளக்கு பச்சைக்கு வந்தது. அரை நொடிச் சிவப்பைப் பட்டை மன்னித்துவிடும் என்றாள் அவள். எல்லாக் கேள்வியிலும் ஏதோ ஒரு சொல் தெரிந்ததாக இருக்கும், அதற்காகத்தான் அந்தச் சலுகை.

ஐந்தாவது இன்டர்வியூவுக்கு நேரில் வரச் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் பெயர் பிரணவ். அவன் முழங்கைக்குக் கீழே ஒரு தாள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் ஓரம் லேமினேட் பளபளப்பில் மின்னியதைச் சபாபதி கவனித்தார்.

கேள்வி: ஒரு பாதை நேராகப் போய் ஓர் இடத்தில் வட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறது, பிறகு வட்டமாகவே சுற்றுகிறது. குறித்துக்கொள்ள இடமில்லை. வட்டத்தின் வாசல் எது?

துள்ளியது. இரண்டு பேரை ஓடவிடு, ஒருவர் ஓரடி, மற்றவர் ஈரடி. இருவரும் சந்தித்ததும் ஒருவரைத் தொடக்கத்துக்கு அனுப்பி இருவரையும் ஓரடியாக நடத்து. மறுபடி சந்திக்கும் இடமே வாசல். நோட்டு இரண்டு, பக்கம் பதினான்கு. சபாபதி கண்ணை மூடினார். ஏன்? எங்கோ நடக்கிற இருவர் சரியாக வாசலில் ஏன் சந்திக்க வேண்டும்?

பச்சை.

பத்து நிமிடம் போயிற்று. இருபது போயிற்று. “சார், எழுத ஆரம்பிக்கலாமே,” என்றான் பிரணவ்.

“எழுதத் தெரியும் தம்பி. ஏன்னு தெரியலை.”

“ஏன்னு கேக்கறதுக்கு இதுல இடமில்லைங்க சார்.”

“உங்களுக்குத் தெரியுமா, ஏன் வாசல்ல சந்திக்கறாங்கன்னு?”

பிரணவின் கை தாளின்மேல் போயிற்று. திருப்பிப் பார்த்தான், மறுபடி கவிழ்த்தான். “நேரம் போகுதுங்க சார்.” குரலில் லேசான எரிச்சல். சபாபதிக்கு அந்த எரிச்சலின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்திருந்தது.

முப்பத்தேழாவது நிமிடத்தில் கிடைத்துவிட்டது. முதல் சந்திப்பு வரை மெதுவானவர் எவ்வளவு நடந்தாரோ, வேகமானவர் அதைப்போல இரண்டு மடங்கு. அதிகப்படியாக நடந்த தூரம் வட்டத்தின் முழுச் சுற்றுகள். ஆகவே அதே அளவு இன்னொரு முறை நடந்தால், சந்தித்த இடத்திலிருந்து கிளம்புகிறவர் சுற்றி வந்து அதே இடத்தில் நிற்பார்; தொடக்கத்திலிருந்து கிளம்புகிறவரும் அங்கேதான் வந்து சேருவார். ஒரே வேகத்தில் நடப்பவர்கள் கடைசியில் சேர்ந்து நிற்கிறார்கள் என்றால், வாசலில் நுழைந்ததிலிருந்தே சேர்ந்துதான் நடந்திருக்க வேண்டும். இவ்வளவு அழகான ஒன்றை நோட்டில் ஏழு வரியாக அறைந்து வைத்திருந்தோமே என்று சபாபதிக்குத் தோன்றியது. நான்கு வரி எழுதுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

மறுநாள் அறிக்கை வந்தது. அதைப் போனில் திறந்து பேக்கரி மேசைமேல் ஹசீனாவின் பக்கம் தள்ளினார்.

விளக்கு: பச்சை. நேரம்: போதவில்லை. குணம்: வாக்குவாதப் போக்கு. பரிந்துரை: இல்லை.

“வாக்குவாதப் போக்கு,” என்றார். “நான் டிக் பண்ணின அதே கட்டம். வார்த்தைகூட மாத்தலை, சோம்பேறிப் பசங்க.”

“பட்டியல்ல ஏறலைங்க சார். அஞ்சாவது செவப்பு இன்னும் விழலை. மறுபடி முயற்சி பண்ணலாம்.”

“பண்ணலாம். கடைசியில ஒரு வரி இருக்கு பாருங்க. மாதிரி ஏழுடன் ஒப்புமை, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அது என்ன?”

ஹசீனா போனைக் கையில் எடுத்தாள். வெகுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யோசனைன்னா எப்படி இருக்கும்னு மெஷினுக்கு நாங்கதான சார் கத்துக்குடுக்கணும்? அதுக்கு நெஜமா யோசிச்சவங்களோட மூளை அலை வேணும். இன்டர்வியூவுல ஜெயிச்சவங்களை நம்ப முடியலை, பாதிப்பேர் மனப்பாடம். மனப்பாடம் இல்லவே இல்லைன்னு யாரை நிச்சயமாச் சொல்ல முடியும்? நாப்பது நிமிஷமும் முட்டி மோதி, கடைசி வரைக்கும் விடாம நின்னு, விடையை எழுதாமப் போனாங்களே, அவங்களைத்தான். அதுல பன்னிரண்டு பேரை எடுத்துக்கிட்டோம். பச்சைங்கறது அவங்கதான்.”

“வேண்டாம்னு அனுப்பினவங்க.”

“ஆமாங்க.”

“அப்ப செவப்பு?”

“எதிர்ல உக்காந்திருந்தவங்க. விடைத்தாளைக் கையில வெச்சுக்கிட்டுக் கேக்கறவங்க அலை மாதிரி சுத்தமான செவப்பு எங்கயும் கெடைக்கலை.” அவள் தயங்கினாள். “உங்களுக்கும் மாட்டினோமே சார்.”

பேக்கரிக்காரர் புதிதாக வெந்த தேங்காய் பன்களைக் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். சபாபதி அதையே பார்த்தபடி கேட்டார். “ஏழாவது யாரு?”

“பேரு நாங்க எழுதக்கூடாது. தேதி, எடம், கேள்வி மட்டும்தான். அந்த அலையை நான் மாசக்கணக்காப் பாத்திருக்கேன் சார். ஒரு எடத்துலகூட துள்ளல் இல்லை, ஆத்துல தண்ணி போற மாதிரி போகும். ஜூலை சனிக்கிழமை. உங்க கம்பெனி, மூணாவது மாடி. ஓட்டுக் கேள்வி.”

சபாபதி பன்களிலிருந்து பார்வையை எடுத்து அவள் பக்கம் திரும்பினார்.

“பேரு உங்ககிட்டதான் இருந்திருக்கும் சார்.”

“தொண்ணூறு நாள்ல அழிச்சிருவோம். வேண்டாம்னு அனுப்பினவங்க விவரத்தை வெச்சுக்கறதில்லை.” டீ கிளாஸை ஓரமாக நகர்த்தினார். “நாப்பது நிமிஷம் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஃபைல்மேலயும் எழுதியிருந்துது.”

கையை நீட்டினார். “பட்டையைக் குடுங்க.”

ஹசீனா கொடுத்தாள். அவரே மாட்டிக்கொண்டார், அலமாரிக் கண்ணாடியில் தன் நெற்றி தெரியும்படி நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

“கேளுங்க.”

“என்னன்னு கேக்கட்டுமுங்க சார்?”

“அந்தப் பொண்ணு பேரு என்னன்னு கேளுங்க.”

ஹசீனா கேட்டாள். மஞ்சள் ஃபைல் வந்தது. பேனா மூடியைக் கடிக்கும் பல் வந்தது. ‘ஏன் சார்’ என்று கேட்டுவிட்டு உண்மையாகவே பதிலுக்காகக் காத்திருந்த கண்கள் வந்தன. ஃபைலின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது, அதில் நீல மையில் பெரிய எழுத்துகளில் ஏதோ எழுதியிருந்தது. அதற்குமேல் தடவத் தடவச் சுவர்தான் இருந்தது. ஆயிரத்து எண்ணூற்று அறுபதையும் மறக்க முடியாத மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடினார்.

டீ ஆறி ஏடு கட்டியது. நான்கு முறை அவரை விரட்டியடித்த அந்தச் சிவப்பு இப்போது ஒரே ஒரு முறை வந்துவிடாதா என்று, தேங்காய் பன்களுக்கு மேலே கண்ணாடியில் அசையாமல் எரிந்த பச்சைப் புள்ளியைப் பார்த்தபடி சபாபதி உட்கார்ந்திருந்தார்.